முடி திருத்திய சுல்மா எரிவாயு உரிமம் பெற்ற வரலாறு

சுல்மா எச்சவெரியின் முதல் தேர்வு ஒரு மப்ளரால் போயிற்று.

எழுத்துத் தேர்வில் குறை ஒன்றுமில்லை. குழாயின் விட்டம், சுடரின் நிறம், புகைபோக்கிக்கும் சன்னலுக்கும் இடையே விடவேண்டிய தூரம் என எல்லாவற்றையும் பிழையின்றி எழுதியிருந்தார். செய்முறைத் தேர்வுக்கு அவரை ஒரு சிறிய அறைக்குள் அனுப்பினார்கள். சமையலறையைப் போலவே அமைத்த அறை அது. ஓர் அடுப்பு, சுவரில் அறையைச் சூடாக்கும் எரிவாயு ஹீட்டர், தரையை ஒட்டி ஒரு காற்றுத்துவாரம். பூமத்திய ரேகைக்குத் தெற்கே உள்ள தண்டில் ஊரில் ஜூலைதான் நடுக்குளிர்காலம்; அந்தக் குளிர் மலையிலிருந்து இறங்கி முதலில் கால்களைத்தான் பிடிக்கும். குழாயை இணைக்க மண்டியிட்ட சுல்மாவின் முழங்காலில் அந்தத் துவாரத்தின் வழியே வந்த காற்று ஊசியாய்க் குத்தியது. அவர் கழுத்திலிருந்த மப்ளரை உருவினார், நாலாக மடித்தார், துவாரத்தில் திணித்தார், வேலையைத் தொடர்ந்தார். தாம் செய்ததை அவரே அறியவில்லை. அந்த ஊரில் குளிர்காலம் கண்ட எந்தக் கையும் அதைத்தான் செய்திருக்கும்.

தேர்வாளர் பொறியாளர் பிராந்தோனி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குரலை உயர்த்தும் வழக்கமில்லாதவர்.

“அம்மா, ஹீட்டர் எரிஞ்சுக்கிட்டிருக்கு.”

“ஆமாங்க சார். நல்ல நீலச் சுடர். பாருங்க, மஞ்சளே இல்ல.”

“அது சரி. அது மூச்சு விடுற வழிய அடைச்சு வச்சிருக்கீங்களே, அதத்தான் பாக்குறேன்.”

சுல்மா திரும்பிப் பார்த்தார். மப்ளரின் சிவப்புக் குஞ்சம் துவாரத்திலிருந்து நாக்கைப்போல் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. மூடிய அறையில் எரியும் நெருப்பு முதலில் காற்றைத் தின்னும். பிறகு மணமில்லாத நச்சுப்புகையைக் கக்கும். உறங்குபவர் உறங்கியபடியே போய்விடுவார். அதைத் தடுக்கத்தான் அந்தத் துவாரம். இதைப் பற்றி எழுத்துத் தேர்வில் ஒரு பக்கம் முழுக்க எழுதிவிட்டுத்தான் அவர் இந்த அறைக்குள் வந்திருந்தார்.

“எடுத்துட்டா?” என்று கேட்டார் சுல்மா.

“எடுத்துட்டு வீட்டுக்குப் போங்கம்மா. குளுருது, கழுத்துல சுத்திக்குங்க.”

சுல்மாவுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. இளமை முதல் அவர் செய்துவந்தது முடி திருத்தும் தொழில். சந்தைக்குப் பின்புறத் தெருவில் இரண்டு நாற்காலிகள் போட்ட சிறிய கடை அவருடையது. ஊரின் பாதிப் பெண்கள் அந்த நாற்காலிகளில் அமர்ந்து தலையையும் மனத்தையும் ஒருசேரத் திறந்திருக்கிறார்கள். பிறகு, நாற்பத்தாறாம் வயதில், சாய மருந்துகள் அவர் கைகளுக்கு ஒவ்வாமல் போயின. விரல்களின் இடுக்குகள் வெடித்தன. கையுறை போட்டும் தீரவில்லை. கத்தரிக்கோலைப் பிடிக்கலாம், சாயக் கிண்ணத்தைத் தொடக்கூடாது என்றார் மருத்துவர். கத்தரிப்பதை மட்டும் நம்பி அந்த ஊரில் கடை நடத்த இயலாது. நரை மறைக்க வருபவர்களால்தான் கடைக்கு வாடகை வந்துகொண்டிருந்தது.

எரிவாயு வேலையைத் தேர்ந்ததற்கு அவர் சொன்ன காரணம் மிக எளியது. எத்தனையோ ஆண்டுகளாகத் தம் நாற்காலியில் அமர்ந்த பெண்கள் ஒரே புலம்பலைப் புலம்பக் கேட்டிருந்தார். ஹீட்டரைப் பார்க்க வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. செவ்வாய்க்கிழமை என்றான், எந்தச் செவ்வாய் என்று சொல்லவில்லை. வந்தவனும் தனியாயிருக்கும் பெண்பிள்ளை என்று பார்த்துப் பாதி வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போனான். சொன்ன நாளில் வந்து, தொட்ட வேலையை முடிக்கிற ஒருவருக்கு இந்த ஊர் முழுவதுமே வாடிக்கையாகும் என்று சுல்மா கணக்கிட்டார். ஆனால் உரிமம் இல்லாதவர் எரிவாயுக் குழாயைத் தொடக்கூடாது. எரிவாயு நிறுவனத்தார் இணைப்பைத் துண்டித்துவிட்டால், உரிமம் பெற்றவர் சோதித்துக் கையொப்பமிட்ட பிறகே மறுபடி திறப்பார்கள். கையொப்பத்துக்கு உரிமம் வேண்டும், உரிமத்துக்குத் தேர்வு. இரண்டாண்டு மாலை வகுப்பில் அவர் ஒருவரே பெண். நாற்காலிகள் இரண்டையும் விற்றுவிட்டுத்தான் அதில் சேர்ந்தார்.

மப்ளர் செய்தி அவர் வீடு வந்து சேர்வதற்குள் தெருவை அடைந்துவிட்டது. தம்பி அனிபால் பின்கட்டில் குடியிருந்தவர். தானிய லாரி ஓட்டுபவர். எதையும் அடக்கிவைக்கத் தெரியாதவர்.

“வாங்க மப்ளர் இஞ்சினியர்!” என்று முற்றத்திலேயே கைகூப்பினார். “குளிருக்கு அடக்கமா வேலை செஞ்சீங்களாமே?”

“போடா. வாய மூடு.”

“வாய மூடலாம்க்கா. துவாரத்தத்தான் மூடக்கூடாதாம்.”

சுல்மா கதவை அறைந்து சாத்தினார். அன்று மாலை அவர் யாரோடும் பேசவில்லை என்கிறார் அனிபால். அழுதார் என்கிறார் அடுத்த வீட்டு கிளாடிஸ். இரண்டுமே நடந்திருக்கக் கூடும்.

பயிற்சி நிலையத்தின் விதி கண்டிப்பானது. செய்முறையில் தவறியவருக்கு அடுத்த ஜூலையில் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தவறினால் இரண்டாண்டு வகுப்பை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு வயதும் இல்லை, வழியும் இல்லை என்பது சுல்மாவுக்குத் தெரியும். மறுதேர்வுக்குச் சற்று முன், முதியோர் இல்லம் ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை இருப்பதாக அனிபால் தகவல் கொண்டுவந்தார். ஆகஸ்டு மாதத்துக்குள் அவர்களுக்குப் பதில் சொல்லவேண்டும் என்றார். ஜூலை முடியட்டும் என்றார் சுல்மா. ஆக, அந்த ஒரு தேர்வின்மேல் அவர் வாழ்க்கையின் எஞ்சிய பகுதி முழுவதும் நின்றது.

படிக்கும் முறையை மாற்றியவர் கிளாடிஸ். இறைச்சிக்கடைக்காரரின் மனைவி, உரத்த குரலும் அடர்ந்த கூந்தலும் உடையவர். வேறு யாரிடமும் தலையைக் கொடுக்க மறுத்துவிட்டவர். நாற்காலிகள் போன பின்பு சுல்மா அவருடைய சமையலறைக்கே சென்று முடி திருத்துவார். அப்படியொரு நாள், ஈரத் தலையோடு அமர்ந்திருந்த கிளாடிஸ், சுல்மாவின் பையிலிருந்த விதிநூலை எடுத்துப் பிரித்தார்.

“இதத்தான் ராத்திரி பகலா படிக்கிறியா? சரி, நான் கேக்குறேன். நீ வெட்டிக்கிட்டே சொல்லு. ‘குளியலறையில் திறந்த சுடர் ஹீட்டர் வைக்கலாமா?’”

“கூடாது. அறையின் கன அளவையும் காற்றோட்டத்தின் பரப்பையும் கருத்தில்கொண்டு…”

“ஏய், நிறுத்து! யாரு பேசுறது? நீயா, புஸ்தகமா?”

“புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு.”

“எனக்குப் புரியற மாதிரி சொல்லு. ஏன் கூடாது?”

சுல்மாவின் கத்தரிக்கோல் நின்றது. ஏன் கூடாது என்பதற்குரிய வாக்கியம் அவருக்கு மனப்பாடம். காரணத்தைத் தம் வாயால் சொல்ல வரவில்லை. மப்ளரைத் திணித்த கைக்கும் அந்தப் பக்கத்தை எழுதிய கைக்கும் இடையே இருந்த பள்ளம் எது என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

“குளிக்கிற ரூம் சின்னது. கதவச் சாத்திடுறோம். நீ பாட்டுக்கு வெந்நீர்ல நிக்கிற. நெருப்பும் நீயும் ஒரே காத்தத்தான் பங்கு போடுறீங்க. நெருப்பு வேகமா தின்னும்.”

“ஐயோ கன்னி மாதாவே,” என்றார் கிளாடிஸ். “நம்ம வீட்டுல ஒண்ணு இருக்குடி. குளிக்கிற ரூமுலதான்.”

“தெரியும். உன் புருஷன்ட்ட பத்து தடவ சொல்லியாச்சு.”

“எங்கிட்ட சொல்லலியே! அந்த ஆளுட்ட சொன்னா மாட்டுக்கிட்ட சொன்ன மாதிரிதான்.” அரைத்தலை வெட்டியும் அரைத்தலை வெட்டாமலும் எழுந்து போய், அந்த ஹீட்டரின் குமிழை அவர் கையாலேயே அணைத்துவிட்டு வந்து அமர்ந்தார். “ம், அடுத்த கேள்வி.”

அதன் பிறகு அதுவே வழக்கமாயிற்று. யார் வீட்டில் முடி திருத்தப் போனாலும், துண்டு போர்த்தி அமர்பவரின் மடியில் விதிநூல் ஏறும். அவர் கேட்பார், சுல்மா வெட்டிக்கொண்டே விடை சொல்வார், புரியவில்லை என்றால் மறுபடியும் சொல்வார். மாத்தே எனும் மூலிகைத் தேநீரின் குடுவை கைமாறும். கூடவே கேள்வியும் கைமாறும். சில வீடுகளில் அக்கம்பக்கத்தார் முடிவெட்டிக்கொள்ளாமலே கேள்வி கேட்க வந்து உட்கார்ந்ததுண்டு. நுனியை மட்டும் வெட்டச் சொன்ன ஒருத்தி தோள் வரை இழந்ததும் உண்டு. அன்றைய பாடம் புகைபோக்கி, கொஞ்சம் நீண்டுவிட்டது.

ஒவ்வொரு சமையலறையிலும் சுல்மா முதலில் தரையோரத்தைப் பார்ப்பார். துவாரங்களில் அவர் கண்டவை பல: பழைய செய்தித்தாள், ஒற்றைக் காலுறை, ரொட்டிப் பை, ஒரு வீட்டில் பூனையின் மெத்தையே அங்கேதான். யாரையும் அவர் ஏசவில்லை. ஏசும் தகுதி தமக்கு இல்லை என்பதை ஊரே அறியும். ஏன் அடைத்தீர்கள் என்று கேட்டார். எல்லோரும் ஒரே விடையைச் சொன்னார்கள்: கால் குளிர்கிறது. அதற்கும் வழி இருந்தது. துவாரத்துக்கு எதிரே நாற்காலி போடாதீர்கள், மேசையைத் தள்ளிப் போடுங்கள், அல்லது துவாரத்தை உரிய அளவில் ஹீட்டருக்குப் பின்னே மாற்றலாம்.

ஒர்த்தென்சியா அம்மையாரின் வீட்டில் மட்டும் இது எளிதாக முடியவில்லை. கணவரை இழந்து தனித்து வாழ்ந்த அவர் ஹீட்டருக்கு அடுத்த அறையிலேயே உறங்குபவர். அவர் வீட்டுத் துவாரம் சற்று உயரத்தில் இருந்தது. அதன்மேல், அந்நாட்டார் வணங்கும் லுஹான் மாதாவின் சட்டமிட்ட படம் கச்சிதமாக மாட்டப்பட்டிருந்தது.

“அம்மா, இந்தப் படத்த எடுக்கணும்.”

“மாதாவையா? என் கல்யாணத்துக்கு வந்த படம்டி அது. அவதான் இந்த வீட்டக் காக்குறா.”

“காக்கட்டும்மா. ஒரு முழம் தள்ளி நின்னு காக்கட்டும்.”

“அங்கதான் ஆணி இருக்கு.”

“ஆணிய நான் அடிச்சுத் தர்றேன்.”

“நீ அடிப்பியா?” ஒர்த்தென்சியா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “நீ இன்னும் பாஸாவல இல்ல?”

“ஆணி அடிக்க லைசென்ஸ் வேணாம்மா.”

படம் ஒரு முழம் தள்ளிப்போயிற்று. அதன் பின்னிருந்த துவாரத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டடையும் கல்லாய் இறுகியிருந்தன. சுல்மா அதைச் சுரண்டி எடுத்தபோது குளிர்காற்று உள்ளே பாய்ந்தது. ஹீட்டரின் சுடரிலிருந்த மஞ்சள் மெல்ல ஒதுங்கி, நீலமாகி நின்றது. கொஞ்ச நாளாகக் காலையில் எழுந்தால் வரும் தலைவலியை வயதின்மேல் போட்டிருந்ததாக ஒர்த்தென்சியா சொன்னார். அது நச்சுப்புகையின் முதல் அறிகுறி என்று சுல்மாவுக்குத் தெரியும்; அவர் தலையைத் துவட்டிவிட்டார்.

மறு ஜூலை வந்தது. எழுத்துத் தேர்வைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. செய்முறையில் அம்முறை கொடுக்கப்பட்டது கடினமான வேலை. இரும்புக் குழாயை அளந்து அறுக்கவேண்டும், முனைகளில் திருகு மரை வெட்டவேண்டும், எல்போ எனும் நான்கு முழங்கை இணைப்புகளோடு சுவரோரமாய் வளைத்து அடுப்புக்கும் ஹீட்டருக்கும் கொண்டுசேர்க்கவேண்டும். பிறகு காற்றை அடைத்து அழுத்தமானியைப் பொருத்த வேண்டும். கால் மணி நேரம் முள் அசையாமல் நிற்க வேண்டும். அசைந்தால் கசிவு, கசிந்தால் தோல்வி. எல்லாம் நண்பகல் மணிக்குள் முடிந்தாக வேண்டும்.

சுல்மா சீராகச் செய்தார். மரை வெட்டும்போது எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாய்ச் சுழற்றி, அவசரப்படாமல் வெட்டினார். கூந்தல் சுருளை அவிழ்க்கும்போது இழுக்கக்கூடாது என்பதை அறிந்த கைகள் அவை. இணைத்து முடித்துக் காற்றை அடைத்தார். முள் ஏறி நின்றது. பிறகு, உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரியும் அளவில், இறங்கத் தொடங்கியது.

தூரிகையால் சோப்பு நுரையை எடுத்து ஒவ்வோர் இணைப்பாகப் பூசினார். அடுப்பருகே ஒன்றுமில்லை. ஹீட்டருக்குக் கீழே ஒன்றுமில்லை. கடைசியில் சுவர் மூலையில், அவர் முதன்முதலாகப் பொருத்திய எல்போவின் அடியில், ஒரு குமிழி பட்டாணி அளவுக்கு மெல்ல ஊதி வெடித்தது, பின்பு இன்னொன்று. அந்த ஒன்றைக் கழற்ற வேண்டுமென்றால் அதற்குப் பின் பொருத்திய அனைத்தையும் கழற்ற வேண்டும்.

பக்கத்துத் தடுப்பில் அதே செய்முறைத் தேர்வில் இருந்த ருபென், முன்பு டிராக்டர் பழுதுபார்த்தவர், தம் வேலையை முடித்துவிட்டிருந்தார். எட்டிப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னார்:

“அக்கா, கழட்டாதீங்க. பெரிய ரெஞ்சப் போட்டு அரைச் சுத்து கொடுங்க. கால் மணி நேரம் தாராளமா தாங்கும்.”

“தாங்குமா?”

“நான் அப்படித்தான் பண்ணினேன். முள்ளு பாருங்க, செத்த மாதிரி நிக்குது.”

பெரிய ரெஞ்ச் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. சுல்மா அதை எடுத்தார். ருபென் சொன்னது பொய்யில்லை. பழுதான மரையை வெறிகொண்டு இறுக்கினால் இரும்பு இரும்பைக் கடித்துக்கொண்டு சிறிது காலம் நிற்கும். ஒரு குளிர்காலம் முழுவதும்கூட நிற்கலாம். பிறகு ஒருநாள், அடுத்த அறையில் யாரோ உறங்கும்போது, விட்டுவிடும். அந்த உறங்குகிறவருக்கு சுல்மாவின் மனத்தில் ஒரு முகம் இருந்தது. தலையைத் துவட்டிவிட்ட முகம்.

ரெஞ்சை எதிர்ப்பக்கமாய்த் திருப்பினார்.

அடுப்பிணைப்பு கழன்றது. ஹீட்டர் இணைப்பு கழன்றது. எல்போக்கள் ஒவ்வொன்றாய்த் தரையில் இறங்கின. பிராந்தோனி கடிகாரத்தைப் பார்த்தார், சுல்மாவைப் பார்த்தார். ருபென் தலையில் கைவைத்துக்கொண்டார். மூலைக் குழாயை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது, மரையின் இரண்டாம் சுற்றில் ஒரு பல் பிளந்திருப்பது தெரிந்தது. அந்த முனையை அறுத்தெறிந்தால் குழாய் குட்டையாகிவிடும். ஆகவே புதிய குழாயை அளந்து, அறுத்து, மறுபடி மரை வெட்டினார். வெட்டிய மரையில் விரலை ஓட்டினார். சிக்கெடுத்த கூந்தலில் சீப்பு ஓடுவதுபோல் விரல் தடையின்றி ஓடியது. கசிவு தடுக்க மரையில் சணல் இழை சுற்றினார், பசை பூசினார், முதலிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றினார். அளவுக்கு மேல் எதையும் இறுக்கவில்லை. குளிர் அறையில் அவர் நெற்றி வியர்த்திருந்தது.

அழுத்தமானியைப் பொருத்திக் காற்றை அடைத்தபோது நண்பகல் மணிக்குக் கால் மணி நேரமும் சொற்பமுமே மிச்சம். அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு முள்ளுக்கு எதிரே நின்றார். தேவாலய மணி அடித்தபோதும் முள் ஏறிய இடத்திலேயே இருந்தது.

பிராந்தோனி குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, தேர்வின் கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

“இறுக்கியிருந்தா முன்னமே முடிஞ்சிருக்கும். ஏம்மா கழட்டினீங்க?”

“இறுக்கினா உங்க முன்னாடி நிக்கும் சார். நான் போனப்புறம் நிக்காது.”

“விதிநூல்ல இத எப்படிச் சொல்லியிருக்கு?”

சுல்மா விதியின் எண்ணையும் சொன்னார், வாசகத்தையும் சொன்னார். இம்முறை இரண்டும் அவர் வாயில் ஒரே பேச்சாக வந்தன. பிராந்தோனி பேனாவைத் திறந்து எழுதினார். எழுதியதை மடிக்காமல் சுல்மாவின் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். காட்டவேண்டும் என்று விதி இல்லை.

“அடுத்த வாரம் உரிமம் வந்துடும். வாழ்த்துகள்,” என்று சொல்லிக் கை கொடுத்தவர், கதவருகே நின்று, “வெளிய கொஞ்சம் பாத்துப் போங்க,” என்றார். குளிரைச் சொல்கிறார் என்று சுல்மா எண்ணிக்கொண்டார்.

வாசற்படியில் கால் வைத்ததும் முதல் முட்டை நெற்றியில் உடைந்தது.

அந்த நாட்டில் படித்துப் பட்டம் பெறும் பிள்ளைகளைத் தெருவில் நிறுத்தி, நண்பர்களும் உறவினரும் முட்டையால் அடித்து மாவைக் கொட்டுவார்கள். மருத்துவரானாலும் வழக்கறிஞரானாலும் அதற்கு விலக்கில்லை. சுல்மாவின் தலைமுறையில் அவர் குடும்பத்தார் எவரும் அப்படி அடிவாங்கும் அளவுக்குப் படித்ததில்லை. சன்னல் வழியே பிராந்தோனியின் கைகுலுக்கலைக் கண்டுவிட்டு அணிவகுத்து நின்றவர்கள், கிளாடிஸும் அவர் கணவரும், ஒர்த்தென்சியாவும், அனிபாலும், விதிநூலை மடியில் வைத்துக் கேள்வி கேட்ட இன்னும் பல தலைகளும்.

“ஊர்த் தலையெல்லாம் கழுவினியே!” என்று கத்திக்கொண்டே கிளாடிஸ் இரண்டாம் முட்டையை எறிந்தார். “இன்னிக்கு உன் தலைய யாரு கழுவுறான்னு பாக்குறேன்!”

“அடியே, கண்ணுல படுது! அனிபால், புடிடா இவள!”

“நான் மாவுக்குப் பொறுப்புக்கா,” என்று அனிபால் மூட்டையின் வாயை அவிழ்த்தார். தானிய லாரிக்காரருக்கு அளவு தெரியாது. சுல்மா இருந்த இடத்தில் ஒரு வெண்மேகம் எழுந்தது. அதற்குள்ளிருந்து சிரிப்பு மட்டும் வெளியே கேட்டது. ஒர்த்தென்சியாவுக்கு எறியக் கை வரவில்லை. மெல்ல நடந்துவந்து, தம் பங்கு முட்டையை சுல்மாவின் உச்சந்தலையில் பக்குவமாய்த் தட்டி உடைத்து, கன்னத்தில் முத்தமிட்டுவிட்டுத் திரும்பினார்.

சலவைக்கூடத்துக்கு என்ன பதில் சொல்வது என்று அனிபால் கேட்டார். வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல் என்றார் சுல்மா. அதைச் சொல்லும்போது வாய்க்குள் மாவு போயிற்று.

அவரை லாரியின் பின்தட்டில் ஏற்றி, ஹாரனை விடாமல் அழுத்தியபடி அனிபால் கடைத்தெரு வழியாக ஓட்டினார். கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து கைதட்டினார்கள். சிவப்பு விளக்கில் லாரி நின்றது. நடைபாதையில் காய்கறிப் பையோடு நின்ற ஓர் அம்மாள், முன்பின் அறியாதவர், முட்டையும் மாவும் பூசிய அந்த நரைத்த தலையை அண்ணாந்து பார்த்தார்.

“வாழ்த்துகள்மா! என்ன பாஸ் பண்ணினீங்க? வக்கீலா?”

“கேஸ்!” என்றார் சுல்மா. “கேஸ் பிட்டர். லைசென்ஸோட!”

அந்த அம்மாள் பையைத் தரையில் வைத்தார். லாரியின் விளிம்பைப் பற்றிக்கொண்டார்.

“அடக் கடவுளே, நான் உங்களத்தான் தேடிக்கிட்டிருந்தேன்! எங்க வீட்டு ஹீட்டரு மஞ்சளா எரியுது. எப்ப வருவீங்க?”

சுல்மாவின் முகம் மாறியது. “ஹீட்டர இப்பவே அணைச்சிடுங்க. சன்னலத் திறந்து வைங்க. வீடு எங்க?”

அம்மாள் தெருவையும் எண்ணையும் சொன்னார். விளக்கு பச்சையாயிற்று. பின்னால் நின்ற வண்டிகள் ஒலி எழுப்பின. மூக்கின் நுனியிலிருந்து வழிந்த மஞ்சள் கருவைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே, நகரத் தொடங்கிய லாரியிலிருந்து சுல்மா எச்சவெரி தம் முதல் வாடிக்கையாளருக்கு உரக்கச் சொன்னார்:

“லைசென்ஸு அடுத்த வாரம்தான் கைக்கு வரும், அது வரைக்கும் ரெஞ்சத் தொடமாட்டேன். ஆனா பாக்குறதுக்கு இன்னிக்கே வர்றேன். குளிச்சுட்டு வர்றேன்!”